தாய்க் குரங்கோட சாப்பாட்டுக் கணக்கு: காட்டுல நின்னு எப்படி போடறது

போன மாசம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்ற ஒரு பொண்ணு போன் பண்ணி, "அண்ணா, ஒரு குரங்கு குட்டி போட்டு பால் கொடுத்து வளர்க்க எவ்ளோ எனர்ஜி செலவாகுதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு என்ன மெஷின் வாங்கணும்"னு கேட்டா. மெஷினெல்லாம் வேணாம்மா, ஒரு வாட்ச், ஒரு நோட்டு, உண்ணி ஏறாத மாதிரி நீளமா ஒரு சாக்ஸ், அப்புறம் ஒரே குரங்கை நாள் பூரா பாத்துட்டே இருக்கிற பொறுமை, இது போதும்னேன். நம்பல. அவளுக்கு சொன்னதை கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன், வேற யாருக்காவது உதவும்.

ஒரு வார்த்தை முதல்லயே. பழைய தமிழ்ல ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி. எவ்ளோ நல்ல வார்த்தைகள், ரெண்டையும் தொலைச்சுட்டு "ஃபீமேல் மங்கி"ன்னு எழுதிட்டு இருக்கோம். நான் மந்தின்னே எழுதறேன். இன்னொண்ணு, கீழ பபூன் பபூன்னு நிறைய வரும், அது கூத்துல வந்து சிரிக்க வைக்கிற பபூன் இல்ல, ஆப்பிரிக்காவுல தரையில கூட்டமா திரியற பெரிய குரங்கு. இந்த விஷயத்துக்கு அதை விட நல்ல உதாரணம் கிடையாது, ஏன்னா கென்யாவுல அம்போசெலிங்கிற இடத்துல 1971ல இருந்து ஒரே பபூன் கூட்டங்களை தலைமுறை தலைமுறையா பின்தொடர்ந்து எழுதி வச்சிருக்காங்க. ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவங்க ஜீன் ஆல்ட்மன். நீங்க எந்தக் குரங்கைப் பாக்கப் போனாலும் அவங்க போட்ட பாதையில தான் நடக்கப் போறீங்க.

சரி, எங்க ஆரம்பிக்கறது. காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து ஒரு உத்தேசக் கணக்கு போடுங்க. இதைப் பண்ணாம போனா என்ன பாக்கணும்னே தெரியாது, மூணு மாசம் சும்மா குரங்கு வேடிக்கை பாத்துட்டு வருவீங்க (நான் வந்தேன்).

ஒரு உயிர் எதுவும் செய்யாம சும்மா படுத்திருக்கவே ஒரு செலவு இருக்கு. இதுக்கு மேக்ஸ் கிளைபர் 1930கள்ல குடுத்த ஃபார்முலா இன்னிக்கும் ஓடுது: எடையை கிலோவுல எடுத்து, அதுக்கு முக்கால் அடுக்கு போட்டு, 70ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு எத்தனை கிலோகலோரின்னு வரும். முக்கால் அடுக்குன்னதும் பயப்பட வேணாம், போன் கால்குலேட்டர்ல ரூட் பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க, வர்ற எண்ணால எடையை வகுங்க, அவ்ளோ தான். பபூன் மந்தி 12 கிலோன்னு வச்சுக்குவோம். 12க்கு ரெண்டு தடவை ரூட் போட்டா 1.86, 12ஐ 1.86ஆல வகுத்தா 6.45, அதை 70ஆல பெருக்கினா சுமார் 450. இது சும்மா கிடக்கிற செலவு. நடக்க, ஏற, சண்டை போட, மோந்து பாக்க எல்லாம் சேத்து நான் 1.8 மடங்கு போடுவேன், 810 கிலோகலோரி வரும். இந்த 1.8 வேதவாக்கு இல்ல, 1.6 போட்டும் பாருங்க, 2 போட்டும் பாருங்க, கடைசி விடை எவ்ளோ ஆடுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

இங்கயே ஒரு குழி இருக்கு. எல்லா பாலூட்டிக்கும் பொதுவான காட்டுச் செலவு ஃபார்முலான்னு புத்தகத்துல ஒண்ணு இருக்கும், அதை அப்படியே தூக்கிப் போடாதீங்க. ஹெர்மன் போன்ட்சரும் அவரோட குழுவும் 2014ல 17 வகை பிரைமேட்டை (குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனுஷன் எல்லாம் அடங்கின ஜாதி) எடுத்துப் பாத்தாங்க, அதே எடையுள்ள மத்த பாலூட்டிங்க செலவழிக்கிறதுல கிட்டத்தட்ட பாதி தான் இதுங்க செலவழிக்குதுன்னு வந்துச்சு. நம்ம ஜாதியே சிக்கனம். குட்டி மெதுவா வளர்றதும், மாசக்கணக்கா சுமக்கறதும், வருஷக்கணக்கா பால் குடுக்கறதும் எல்லாம் இந்த சிக்கனத்தோட சேந்தது தான். அவங்க அளந்த முறை என்னன்னா கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள தண்ணியைக் குடிக்க வச்சு, அது எவ்ளோ வேகமா உடம்பை விட்டு வெளிய போகுதுன்னு யூரின்ல பாக்கறது. துல்லியம் தான், ஆனா அந்தத் தண்ணி விலையும் ஜாஸ்தி, அதை அளந்து குடிக்க வைக்கணும், காட்டு மந்தி உங்க கையில இருந்து கிளாஸ் வாங்கிக் குடிக்காது. அதனால தான் மெஷின் வேணாம்னேன்.

அடுத்தது குட்டியோட கணக்கு. கர்ப்பத்தை விட பால் குடுக்கறது தான் பெரிய செலவு, இது நம்ம வீட்டுலயே தெரியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரையைப் பாருங்க, கர்ப்பிணிக்கு நாளைக்கு 350 கிலோகலோரி கூடுதல், பால் குடுக்கிற முதல் 6 மாசத்துக்கு 600 கூடுதல். மந்திக்கும் இதே திசை தான், கர்ப்பத்துல செலவு மெல்ல ஏறும், குட்டி வெளிய வந்ததும் தான் நிஜமான பில் வரும். அதுக்காக கர்ப்பத்தை ஒண்ணும் இல்லன்னு ஒதுக்கிடாதீங்க. 2024ல வந்த ஒரு ஆய்வுல மனுஷ கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 50,000 கிலோகலோரி ஆகுதுன்னு கணக்கு சொன்னாங்க, அதுல குழந்தையோட உடம்பா மாறினது ரொம்ப சின்னப் பங்கு, மீதி எல்லாம் அந்த உடம்பைக் கட்டறதுக்கும் தாங்கறதுக்கும் அம்மா எரிச்சது. வீட்டை விட சாரத்துக்கு செலவு ஜாஸ்தி ஆன கதை.

பபூன் குட்டி பிறக்கறப்போ சுமார் 775 கிராம், அம்போசெலில நாளைக்கு ஒரு 5 கிராம் மாதிரி ஏறும். அப்போ 3 மாசத்துல 1,225 கிராம், 6 மாசத்துல 1,675 கிராம், ஒரு வருஷத்துல 2,600 கிராம். ஒவ்வொண்ணுக்கும் அதே கிளைபர் கணக்கு போட்டு, குட்டி பாதி நேரம் அம்மா மேல தொத்திட்டு கிடக்கும்ங்கறதால 1.5 மடங்கு மட்டும் போட்டு, வளர்ச்சிக்குன்னு ஒரு 10 கிலோகலோரி சேருங்க. அப்புறம் முக்கியமா, அம்மா சாப்பிடறது எல்லாம் பாலா மாறாது, 100 ரூபாய்க்கு 80 ரூபா சரக்கு தான் கைக்கு வரும், அதனால 0.8ஆல வகுங்க. நான் போட்டப்போ பிறந்த குட்டிக்கு சுமார் 120, 3 மாசத்துல 165, 6 மாசத்துல 205, ஒரு வருஷத்துக்கு முழுக்க பால்லயே ஓட்டினா 280 வந்துச்சு. அம்மாவோட 810க்கு மேல இது. அதாவது 15 சதவீதத்துல ஆரம்பிச்சு 35 சதவீதம் வரைக்கும்.

கலோரி மட்டும் எழுதி வச்சா இது வெறும் நம்பர். இப்போ இதை நிமிஷமா மாத்துங்க. என்னைக் கேட்டா இந்தக் குறிப்புல ஒரே ஒரு விஷயம் பண்ணுங்கன்னா இதைப் பண்ணுங்கன்னு சொல்வேன், ஏன்னா மந்திக்கு பற்றாக்குறை கலோரி இல்ல, பகல் தான். கலோரி வெளிய புல்லுல, கிழங்குல, விதையில கிடக்கு, அதைப் பொறுக்கத்தான் நேரம் வேணும். இருட்டினா மரத்துல ஏறியாகணும், இல்லன்னா சிறுத்தை. ஒரு நாளைக்கு 11 மணி நேரம், 660 நிமிஷம், இதுல ஒரு நிமிஷம் கூட கூட்ட முடியாது.

குட்டி இல்லாத மந்தி 45 சதவீத நேரம் தின்னுதுன்னு வைங்க, 297 நிமிஷம். நடக்க 23 சதவீதம். மீதி 32 சதவீதம், சுமார் 211 நிமிஷம், உக்காந்து ஓய்வெடுக்க, பேன் பாக்க. இப்போ 6 மாசக் குட்டிக்கு 25 சதவீதம் கூட தின்னணும்னா அதே வேகத்துல பொறுக்கினா 74 நிமிஷம் கூட வேணும். 211ல 74 போச்சு. ஒரு வருஷக் கணக்குல 104 நிமிஷம் போச்சு, மீதி 107 நிமிஷம். கூட தின்னணும்னா கூட நடக்கவும் வேணும், அது வேற, நடக்கறப்போ முதுகுல குட்டி வேற. ஜீன் ஆல்ட்மன் 1980ல வந்த பபூன் தாய்களைப் பத்தின புத்தகத்துல இந்த வழியில தான் யோசிச்சாங்க, குட்டிக்கு 6, 8 மாசம் ஆகறப்போ அம்மாவால பால் மட்டும் குடுத்து சமாளிக்க முடியாத கட்டம் வந்துடும்னு காட்டினாங்க. அந்த வயசுல தான் குட்டி தானா பொறுக்க ஆரம்பிக்குது, அம்மா காம்பைப் பிடுங்கறதும், குட்டி தரையில விழுந்து புரண்டு கத்தறதும் அப்போ தான். பாக்கறப்போ என்னடா இவ்ளோ கல் மனசான்னு தோணும். 660 நிமிஷத்தைப் போட்டுப் பாத்தா அப்படித் தோணாது.

சேமிப்புல இருந்து எடுத்து ஓட்டலாமேன்னு கேப்பீங்க. அம்போசெலில 1993ல வெளியான அளவு ஒண்ணு இருக்கு, காட்டுத் தீனி மட்டும் தின்ற மந்திக்கு உடம்புல கொழுப்பு சுமார் 2 சதவீதம் தான். 12 கிலோவுக்கு 240 கிராம். ஒரு கிராம் 9 கிலோகலோரின்னா 2,160, அதாவது கையில இருக்கிற மொத்த சேமிப்பும் மூணு நாள் செலவுக்குக் கூட காணாது. சுத்தமான தினக்கூலி. இன்னிக்கு வேலைக்குப் போகலன்னா இன்னிக்கே அடுப்பு எரியாது. அதே அம்போசெலில டூரிஸ்ட் லாட்ஜ் குப்பையில தின்ற கூட்டத்து மந்திங்களுக்கு கொழுப்பு சுமார் 23 சதவீதம், தின்றதுக்கு செலவழிச்ச நேரம் காட்டுக் கூட்டத்துல பாதி கூட இல்ல, மீதி நேரம் உக்காந்து கிடந்துச்சுங்க. ஒரே இனம், ஒரே ஊரு. அதனால நீங்க நம்ம ஊரு மலைக்கோயில் நாட்டுக்குரங்கைப் பாத்துட்டு வந்து "காட்டு மந்தியின் எனர்ஜி செலவு"ன்னு தலைப்பு போட்டீங்கன்னா அது பொய், பிரசாதமும் பொரியும் வாழைப்பழமும் உள்ள போயிருக்கு. கோயில் குரங்கைப் பழகறதுக்கு வச்சுக்குங்க, கை பழகினதும் பிரசாதம் எட்டாத கூட்டத்துக்குப் போங்க.

இப்போ காட்டுல. முதல் ரெண்டு வாரம் எதையும் எண்ணாதீங்க, ஆள் அடையாளம் மட்டும் பழகுங்க. காதுல கிழிசல், உதட்டுல தழும்பு, வால் நுனி உடைஞ்சது, ஒரு கண்ணு சின்னது, இப்படி. தூரத்துல இருந்து முதுகை மட்டும் பாத்தே யாருன்னு சொல்ல வரணும். ஒரு மந்தியை இன்னொரு மந்தின்னு ஒரு தடவை தப்பா எழுதிட்டா அந்த ரெண்டு பேரோட கணக்கும் கெட்டுப்போகும், அதுவும் ஒருத்தி பால் குடுக்கறவ இன்னொருத்தி கர்ப்பம்னா சொல்லவே வேணாம்.

அப்புறம் ஃபோக்கல் சாம்பிள். ஒரே மந்தியை 10 நிமிஷம் பாக்கணும், போன்ல நிமிஷத்துக்கு ஒரு தடவை வைப்ரேட் ஆகற மாதிரி வைங்க, அது நடுங்கற அந்த நொடியில அவ என்ன பண்றாளோ அதை மட்டும் ஒரு எழுத்தா குறிக்கணும். தின்னா தி, நடந்தா ந, சும்மா உக்காந்தா ஓ, பேன் பாத்தா பே. பக்கத்துல ரெண்டு கடுவன் கட்டிப் புரண்டாலும் திரும்பக் கூடாது. ஆல்ட்மன் 1974ல மிருகங்களைக் கவனிக்கிற முறைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க, அதுக்கு முன்னாடி எல்லாரும் கண்ணைப் பறிக்கிற விஷயத்தை மட்டும் எழுதிட்டு இருந்தாங்க, சண்டை, கூடல், கூச்சல். சும்மா புல்லு பிடுங்கற மந்தியை யாரும் எழுதல. புல்லு பிடுங்கறதுல தான் கதை இருக்குன்னு அந்த முறை வந்தப்புறம் தான் தெரிஞ்சுது. யாரை எப்போ பாக்கணும்ங்கறதை முந்தின நாள் ராத்திரியே சீட்டு குலுக்கி எழுதி வச்சிடுங்க, இல்லன்னா உங்களுக்குப் பிடிச்ச மந்தியையே பாத்துட்டு இருப்பீங்க, கீழ சமதளத்துல இருக்கிறவளையே பாப்பீங்க, மத்தியானம் வெயில்ல யாரையும் பாக்க மாட்டீங்க.

10 நிமிஷத்துக்கு 10 புள்ளி, நாளைக்கு 6 தடவை, 10 நாள்னா 600 புள்ளி. 600 இருக்குன்னு குஷியாகாதீங்க. 7வது நிமிஷம் தின்னவ 8வது நிமிஷமும் தின்னுட்டு தான் இருப்பா, அது புது தகவல் இல்ல. கணக்கு போடறப்போ 60 சாம்பிள்னு தான் எடுத்துக்கணும். இதுல ஏமாந்து "வித்தியாசம் உறுதி"ன்னு எழுதின தீசிஸ் நான் கண்ணால பாத்திருக்கேன், யாருதுன்னு சொல்ல மாட்டேன், அதுல ஒண்ணு என்னோடது.

ரெண்டு இடத்துல கண்டிப்பா வழுக்கும். ஒண்ணு கன்னப் பை. நாட்டுக்குரங்கு, பபூன் ரெண்டுக்குமே கன்னத்துல பை இருக்கு, அவசர அவசரமா அடைச்சுக்கிட்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய் உக்காந்து மெல்லும். தூரத்துல பாத்தா ஓய்வு மாதிரி இருக்கும். உக்காந்துட்டு புறங்கையால கன்னத்தை அழுத்தினா அது தின்றது தான். இதை நீங்க ஓய்வுல போடுவீங்களா தீனியில போடுவீங்களான்னு முதல் நாளே முடிவு பண்ணி நோட்டு அட்டையில எழுதுங்க, எதா இருந்தாலும் பரவாயில்ல, நடுவுல மாத்தாதீங்க. நான் "கன்ன மெல்லல்"னு தனியா ஒரு கட்டமே வச்சுட்டேன், அதான் நிம்மதி.

ரெண்டாவது காம்பு. குட்டி காம்பை வாயில வச்சிருந்தா பால் குடிக்குதுன்னு அர்த்தம் இல்ல. பாதி நேரம் சும்மா பிடிச்சுட்டு தூங்கும், மழை வந்தா, பயந்தா, வேற குட்டி கடிச்சா, எல்லாத்துக்கும் காம்பு தான். பிரைமேட் பால் தண்ணியான பால், கொழுப்பு கம்மி, புரதமும் கம்மி, சர்க்கரை தான் இருக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா குடிக்கணும். கடல்ல ஹூடட் சீல்னு ஒரு கடல்நாய் வகைப் பிராணி, அது வெறும் 4 நாள் தான் பால் குடுக்கும், ஆனா அந்தப் பால்ல 60 சதவீதம் கொழுப்பு, குட்டி கண் முன்னாடி ஊதிப் பெருக்கும். நம்ம மந்தி அப்படி இல்ல, சொட்டு சொட்டா தவணை கட்டற ஆளு. ஒரே இனத்துலயே பாலும் ஒண்ணா இருக்காது, கேட்டி ஹைண்ட் வளர்ப்பு ரீசஸ் குரங்குங்கள்ல பாலை எடுத்து அளந்தப்போ ஆண் குட்டி போட்டவ பால் கெட்டியாவும் பெண் குட்டி போட்டவ பால் அளவுல ஜாஸ்தியாவும் இருந்துச்சு. அதனால "காம்புல இருந்த நிமிஷம்" அப்படின்னே எழுதுங்க, "பால் குடித்த நிமிஷம்"னு எழுதாதீங்க. பால் எவ்ளோன்னு குட்டியோட வளர்ச்சியில இருந்து பின்னாடி கணக்கு போட்டு வர்றது தான் காட்டுல நடக்கிற காரியம்.

தூக்கறதும் குறிச்சுக்கணும். வயித்துக்குக் கீழயா, முதுகுலயா, தரையிலயா. 12 கிலோ மந்தி மேல 1.2 கிலோ குட்டின்னா பத்துல ஒரு பங்கு பாரம், நடக்கிற செலவும் ஏறக்குறைய அதே விகிதத்துல ஏறும்னு போட்டுக்கலாம். இதுல மார்மோசெட், டாமரின்னு தென் அமெரிக்க சின்னக் குரங்குங்க கதையே வேற, ரெட்டைக் குட்டி போடும், ரெண்டும் சேந்து அம்மா எடையில அஞ்சுல ஒரு பங்கு வரும், அங்க அப்பாவும் அண்ணன் அக்காவும் தூக்குவாங்க, தூக்கித் தூக்கி அப்பா இளைச்சே போவார். பபூன் மந்திக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

என்ன தின்னா, எவ்ளோ தின்னான்னும் வேணும், ஆனா இது நேரம் தின்னும் வேலை, சுருக்கமா சொல்றேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வாய்னு எண்ணுங்க, இலையா பழமா விதையான்னு தனித்தனியா. அதே இலையை அதே அளவுல நீங்களும் பறிச்சு காயவச்சு எடை போடுங்க. அப்புறம் கால்நடைத் தீவனம் டெஸ்ட் பண்ற லேப்ல குடுத்தா புரதம், நார், கொழுப்பு எல்லாம் சொல்லிடுவாங்க. மந்தி எதைத் துப்புறான்னு பாருங்க, தோலைத் துப்பினா நீங்களும் தோலை எடுத்துட்டு எடை போடணும், இங்க சோம்பல் பட்டா கலோரி எகிறிடும்.

அடுத்தது யூரின். சிரிக்காதீங்க, இந்தத் துறையே இதுல தான் நிக்குது. நேரக் கணக்கு என்ன சொல்லும்னா அவ எவ்ளோ பாடுபடறான்னு. அந்தப் பாடு போதுமா பத்தலையான்னு அவ உடம்பு தான் சொல்லும். போர்னியோவுல குனுங் பாலுங் காட்டுல செரில் நாட் ஒராங்குட்டானுக்கு இதைச் செஞ்சாங்க. 1994-95ல அந்தக் காட்டுல பெரும்பாலான மரங்க ஒரே சமயத்துல காய்ச்சுக் கொட்டுச்சுங்க, அப்போ மந்திங்க நாளைக்கு 7,404 கிலோகலோரி தின்னுச்சுங்க. பழம் முடிஞ்ச பஞ்ச மாசத்துல அதே மந்திங்க பட்டையை உரிச்சுத் தின்னு 1,793. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நாலு மடங்கு. பஞ்சத்துல அதுங்க யூரின்ல கீட்டோன் வந்துச்சு, அதாவது சொந்தக் கொழுப்பை எரிச்சு உயிர் தாங்குதுன்னு அர்த்தம். கீட்டோன் பாக்கற ஸ்ட்ரிப் நம்ம மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும், சர்க்கரைக்காரங்க பாக்கறது தான்.

எடுக்கிற முறை ஈஸி, ஆனா காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும். தூங்கற மரத்துக்குக் கீழ விடியறதுக்கு முன்னாடி போய் நின்னா, எழுந்ததும் முதல் வேலையா எல்லாரும் ஒண்ணுக்கு அடிப்பாங்க. மேல இருந்து விழறதை கவட்டைக் கம்புல கட்டின பிளாஸ்டிக் ஷீட்ல பிடிக்கலாம், இல்ல இலையில தேங்கினதை டிராப்பர்ல உறிஞ்சலாம். மலத்துல பட்டிருந்தா எடுக்காதீங்க. யாரோடதுன்னு கண்ணால பாக்காத யூரின் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் குப்பை. ஸ்ட்ரிப்பை அங்கயே நனைச்சு, பாட்டில்ல போட்டிருக்கிற செகண்ட் கணக்குக்குள்ள கலரைப் பாத்து எழுதிடுங்க, லேட்டானா கலர் மாறும். மீதியை ஐஸ்ல வச்சு அன்னிக்கே ஃப்ரீசருக்குள்ள. லேப்ல சி-பெப்டைடு பாப்பாங்க. கணையம் இன்சுலின் செய்யறப்போ அதோட சரிசமமா வெட்டி விழற துண்டு அது, யூரின்ல வந்துடும், வயிறு நிறைஞ்ச காலத்துல ஏறும், பட்டினியில இறங்கும். கீட்டோன் "இருக்கா இல்லையா"ன்னு தான் சொல்லும், இது எவ்ளோன்னு சொல்லும். தண்ணி நிறைய குடிச்சிருந்தா யூரின் நீர்த்துப் போயிருக்கும்ங்கறதால கிரியாட்டினினையோ (தசையில இருந்து யூரினுக்கு வர்ற கழிவு) யூரினோட அடர்த்தியையோ வச்சு சரி பண்ணியே ஆகணும். கர்ப்பிணியோட சி-பெப்டைடை மத்தவங்களோட நேரா ஒப்பிடாதீங்க, கர்ப்பத்துல இன்சுலின் வேலை செய்யற விதமே மாறிடும், நம்ம பொம்பளைங்களுக்கு கர்ப்பத்துல சர்க்கரை ஏறுதே, அந்த மாதிரி.

எல்லாம் சேந்ததும் ஒப்பிடறப்போ, பால் குடுக்கற மந்தியையும் குடுக்காத மந்தியையும் பக்கத்துல நிறுத்தி வித்தியாசம் பாத்தா போதும்னு தோணும். போதாது. பால் குடுக்கறவ கூட்டத்துல பெரிய இடத்து மந்தியா இருக்கலாம், அவளுக்கு நல்ல மரம் கிடைக்கும், அவ கம்மியா தின்ற மாதிரி தெரியும். இல்ல, குட்டிங்க எல்லாம் பழக் காலத்துல பிறந்திருக்கலாம், அப்போ சீசனைப் பாக்கறீங்களா குட்டியைப் பாக்கறீங்களான்னே தெரியாது. முடிஞ்ச வரைக்கும் ஒரே மந்தியை கர்ப்பத்துக்கு முன்னாடி, கர்ப்பத்துல, பால் குடுக்கறப்போ, பால் நிறுத்தினப்புறம்னு பாருங்க. ஆமா, இதுக்கு வருஷம் ஆகும். ஒரு ப்ராஜெக்ட்ல முடியாது. முடியலன்னா குட்டியோட வயசை மாசக்கணக்குல வச்சு, அம்மா தின்ற நேரம் அதோட சேந்து ஏறுதான்னு பாருங்க. அது ஒரு சீசன்ல ஓரளவு தெரியும். நேரம் ஏறுச்சுன்னா அதை ஓய்வுல இருந்து எடுத்திருக்காளா, பேன் பாக்கறதுல இருந்து எடுத்திருக்காளான்னு பாருங்க. எத்தியோப்பியாவுல ஜெலாடா குரங்குங்கள்ல தாய்ங்க முதல்ல ஓய்வைத் தான் வெட்டுச்சுங்க, பேன் பாக்கற நேரத்தை முடிஞ்ச மட்டும் விட்டுக் குடுக்கல. தூக்கம் போனாலும் சொந்த பந்தம் போகக் கூடாதுன்னு இருக்கு அதுங்களுக்கும்.

இவ்வளவும் பண்ண நேரம் இல்ல, ஆனா யாரோ 20 வருஷம் எழுதி வச்ச பிறப்புப் பதிவு கையில இருக்குன்னா, ரெண்டு குட்டிக்கு நடுவுல எவ்ளோ இடைவெளின்னு மட்டும் பாருங்க. செலவோட மொத்த ரசீதும் அங்க தான் இருக்கு. அம்போசெலி பபூனுக்கு 6 மாசக் கர்ப்பத்தையும் சேத்து ரெண்டு வருஷத்துக்குள்ள அடுத்த குட்டி. ஒராங்குட்டானுக்கு 7, 8 வருஷம், பாலூட்டிங்கள்லயே ரொம்ப நீளமான இடைவெளி அது. 2017ல ஒராங்குட்டான் பல்லை வெட்டி அதுல படிஞ்சிருந்த பேரியத்தைப் பாத்தாங்க, தாய்ப்பால் குடிச்ச காலத்துல பேரியம் ஏறி நிக்கும், 8 வயசுக்கு மேலயும் குடிச்சிருக்கு. நேரா ஏறி நேரா இறங்கவும் இல்ல, அலை அலையா இருந்துச்சு, காட்டுல பழம் இல்லாத வருஷம் குட்டி திரும்ப அம்மா பாலுக்கு வந்திருக்குன்னு தான் அதை அவங்க படிச்சாங்க. பல்லு ஒரு டைரி மாதிரி.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். வனத்துறை அனுமதி எழுத்துல வாங்காம காட்டுக்குள்ள கால் வைக்காதீங்க, யூரின் எடுக்கறதுக்கும் சேத்துக் கேளுங்க, பின்னாடி கேட்டா குடுக்க மாட்டாங்க. அப்புறம் குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி நில்லுங்க, மாஸ்க், கையுறை, சளி இருந்தா அன்னிக்கு லீவு. நம்ம சளி அதுங்களைக் கொல்லும். அதுங்ககிட்ட இருந்து நமக்கும் வரும், 1957ல கர்நாடகாவுல ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சல் உண்ணி கடிச்சுத் தான் பரவுது, செத்துக் கிடக்கிற குரங்கைத் தொடவே தொடாதீங்க. சாயங்காலம் வந்ததும் சாக்ஸைக் கழட்டி முழங்கால் வரைக்கும் உண்ணி இருக்கான்னு பாருங்க.

கடைசியா ஒண்ணு, இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்றப்போ அவ கொஞ்ச நேரம் பேசல. பபூன் குட்டிங்கள்ல நிறைய முதல் வருஷத்துலயே செத்துடும். நீங்க பாத்துட்டு இருக்கிற மந்தியோட குட்டி ஒரு நாள் இல்லாம போகும், இல்ல செத்த குட்டியை அவ ரெண்டு மூணு நாள் தூக்கிட்டே திரிவா. மனசு கேக்காம "சாம்பிள் போச்சு"ன்னு அவ பேரை அடிச்சுட்டு அடுத்தவகிட்ட போயிடுவீங்க, எல்லாரும் அதான் பண்றாங்க. போகாதீங்க. அதே மந்தி, அதே வயசு, அதே கூட்டத்து இடம், அதே மாசம், மாறினது பால் ஒண்ணு தான். அன்னியில இருந்து ஒரு மாசம் அவளை விடாம எழுதுங்க, தின்ற நேரம் எத்தனை நிமிஷம் இறங்குது, ஓய்வு எத்தனை நிமிஷம் ஏறுது, பபூனா இருந்தா பின்பக்கம் வீங்கி மாதச் சுழற்சி திரும்ப ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகுதுன்னு. வீட்டுல உக்காந்து போட்ட அந்த 74 நிமிஷம் சரியா தப்பான்னு அந்த நோட்டுல தெரியும்.